ரபீக்கா மாமி வீட்டாக்கள்

நான் எழுதிய கணினி நிரல் ஒரு கல்யாண வீட்டில் ரபீக்கா மாமியையும் அவர் கூட்டி வந்த எட்டுப் பேரையும் சாப்பிட இடமில்லாமல் நிற்க வைத்தது. வேண்டுமென்று செய்யவில்லை என்று சொன்னால் எங்கள் குடும்பத்தில் பாதிப் பேர் இன்றைக்கும் நம்ப மாட்டார்கள். மாமிக்கும் எனக்கும் சின்ன வயதிலிருந்தே ஆகாது. நான் வாய்க்காரி என்று அவர் ஊரெல்லாம் சொன்னார். அது பொய்யில்லை என்று நானும் போகிற இடமெல்லாம் காட்டிக்கொண்டுதான் இருந்தேன்.

கதை கம்பைலர் பாடத்தில் தொடங்குகிறது. மூன்றாம் வருடத்தில் எங்கள் வளாகத்தில் எல்லோரையும் பயமுறுத்தும் பாடம் அது. எனக்கு மட்டும் பிடித்திருந்தது. கம்பைலர் என்பது நாம் எழுதுவதை வாசித்து இயந்திரத்துக்கு விளங்குகிற மாதிரி மாற்றிக் கொடுக்கிற நிரல். அதன் வாசலில் நிற்கிற ஆள் பார்சர். வருகிற சொற்களை ஒவ்வொன்றாகப் பார்த்து, எது எதோடு சேரும் என்று விதிப்படி கூட்டம் கூட்டமாக இருத்துவதுதான் அதன் வேலை. விதிக்குள் அடங்காத ஒன்று வந்தால் பிழை என்று சொல்லும். அதுவும் ஒரு வாய்க்காரிதான். எங்களுக்குள் ஒத்துப்போனதில் ஆச்சரியமில்லை.

சொந்தமாக ஒரு சின்ன நிரல்மொழி செய்து, அதற்குப் பார்சர் எழுத வேண்டும் என்றார் சுலோஜனா மிஸ். வகுப்பில் எட்டுக் குழு. ஏழு குழு கணிப்பான் செய்தது. நானும் துவாரகனும் சஹன் செய்தோம்.

கிண்ணியாப் பக்கத்துக் கல்யாணங்களில் ஆளுக்கொரு சோற்றுக் கோப்பை கிடையாது. பெரிய வட்டத் தட்டத்தில் சோறு, அதன் மேல் ஆறு கோழித் துண்டு, சுற்றிவர ஆறு பேர். அதுதான் சஹன். ஐந்து பேர் இருந்தால் ஆறாவது ஆள் வந்து குந்தும் வரைக்கும் தட்டம் வராது. ஒரு வீட்டுக்காரரைப் பிரித்து இருத்தினால் முகம் நீளும். வாசலில் நின்று ஆட்களை இருத்துகிறவர் வந்தவர்களை ஒவ்வொருவராகச் சேர்க்க வேண்டும், ஆறு ஆனதும் மூட வேண்டும், மூடுமுன் அடுத்து வருவது யார் என்று ஒரு கண் பார்த்துக்கொள்ளவும் வேண்டும். பார்சர் செய்வதும் அச்சொட்டாக இதுதான். விருந்தாளிகளின் பட்டியலைக் கொடுத்தால் சஹன் சஹனாகப் பிரித்துத் தருகிற மொழி ஒன்று செய்யலாம் என்று நான் சொன்னதும் துவாரகன் உடனே சம்மதித்தான். அவன் சாம்பல்தீவுக்காரன். பள்ளிக்கூடக் கூட்டாளிகளின் கல்யாணங்களில் சஹனுக்குக் குந்தி, வீட்டுக்காரரைவிடக் கூடச் சாப்பிட்ட அனுபவம் அவனுக்கு உண்டு.

நாங்கள் இருவரும் சண்டை போடாத நாள் இல்லை. ஆனால் சண்டையெல்லாம் 'நீங்க'வில்தான் நடக்கும். "நீங்க ஒரு மடையன்" என்று நான் சொல்ல, "நீங்க சொன்னாச் சரிதான்" என்று அவன் சொல்லுவான். முகத்துக்கு நேரே அந்த மரியாதை போதும் என்பதால் இங்கே அவன் என்றே எழுதுகிறேன்.

முதல் தடவை அது வேலை செய்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. திரையில் பெயர்கள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டன. அசனா, இன்னும் ஐந்து பேர். ஆறாவது பெயர் வந்ததும் ஆறும் மறைந்து அந்த இடத்தில் 'சஹன் 1' என்று ஒரே சொல் வந்து நின்றது. நான் கதிரையை விட்டு எழும்பிக் கைதட்டினேன். கணிப்பான்காரர் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு வெட்கமே வரவில்லை. ஆறு பேர் ஒரு சொல்லாவதைக் கண்ணால் பார்த்த சந்தோஷம் அப்படி.

சுலோஜனா மிஸ்ஸுக்குக் காட்டியபோது அவர் பட்டியலின் மூன்றாம் வரியில் வேண்டுமென்றே ஓர் இலக்கத்தைத் தட்டினார். நிரல் பிழை என்று சொல்லிவிட்டு அப்படியே நின்றது.

"ஒரு பிழையைக் கண்ட உடன படுத்திட்டுது," என்றார் மிஸ். "மிச்ச வரியளை ஆர் பாக்கிறது?"

"பட்டியலச் சரியாத் தந்தா அது சரியாச் செய்யும் மிஸ்," என்றேன் நான். துவாரகன் மேசைக்குக் கீழே என் காலை மிதித்தான்.

"சரியாத் தாறதெண்டா பார்சர் எதுக்கு ஷிஃபானா? பிழையோட வாறதைச் சமாளிக்கத் தெரியோணும். அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் நேரம் தாறன். இன்னொண்டு, வகுப்புக்கு வெளியில ஒரு ஆள் இதைப் பாவிச்சுப்போட்டு, எப்பிடி இருந்தது எண்டு எழுதிக் கையெழுத்து வைக்கோணும். அந்தக் கடிதம் இல்லாட்டி நான் இதைப் பாஸ் பண்ண மாட்டன்."

பாஸ் பண்ணாவிட்டால் அடுத்த வருடம் கீழ் வகுப்போடு இருந்து திரும்பப் படிக்க வேண்டும். அதைவிட மோசம், கொழும்பில் எனக்குச் சரிவந்திருந்த ஆறு மாதத் தொழிற்பயிற்சி கைநழுவிப் போகும். இரண்டு நேர்முகத் தேர்வுக்கு முழு இரவு பஸ்ஸில் போய் வந்து எடுத்த இடம் அது. நான் விடுவதாக இல்லை.

பிழையைச் சமாளிக்கப் பாடப்புத்தகத்தில் பல வழிகள் இருந்தன. ஆக லேசானதைத் துவாரகன் கண்டுபிடித்தான். விளங்காத சொல் ஒன்று வந்தால், அந்த வரி முடிகிற அரைப்புள்ளி வரைக்கும் எல்லாவற்றையும் தூக்கி எறிந்துவிட்டு அடுத்த வரிக்குப் போய்விடுவது. அந்த வழிக்கு உண்மையாகவே 'பேனிக் மோட்' என்றுதான் பெயர். பதற்றத்தில் ஆள் என்ன செய்யுமோ அதைத்தான் அதுவும் செய்கிறது என்று எனக்கு அப்போது உறைக்கவில்லை. பதினொரு வரியில் எழுதி முடித்தோம். மிஸ் செய்தது மாதிரியே மூன்றாம் வரியில் இலக்கத்தைப் போட்டுப் பார்த்தோம். நிரல் அதைத் தாண்டிக்கொண்டு ஓடியது. இரண்டு பேரும் கன்டீனில் ரோல்ஸ் வாங்கிச் சாப்பிட்டோம்.

கடிதத்துக்கும் ஆள் கையில் இருந்தது. என் உம்மாவின் தங்கச்சியான சாச்சியின் மகள் ஸஹ்ராவுக்கு ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். "பொம்புளைகள்ட பக்கத்த நீயே பாத்துக்க. பட்டியல அனுப்புறன், கடிதமும் தாறன்," என்றாள். ஆண்கள் பக்கத்துப் பட்டியலை அவளுடைய மூத்த சகோதரன் அஸ்ஹான் நானா அனுப்பினார். ஸஹ்ரா போனிலேயே தட்டி அனுப்பிய பட்டியலை நிரலுக்குக் கொடுத்தேன். இருநூற்றுப் பத்துப் பெண்கள், சரியாக முப்பத்தைந்து சஹன். ஒருவர் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அப்படி வந்ததிலேயே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும். வரவில்லை, பெருமைதான் வந்தது. அடியில் சின்ன எழுத்தில் இன்னும் ஒரு வரி இருந்தது. 'பிழை 1. வரி 63 தவிர்க்கப்பட்டது.' துவாரகன் மிஸ்ஸுக்குக் காட்டுவதற்கென்று அதைப் படம் பிடித்து வைத்துக்கொண்டான். அறுபத்து மூன்றாம் வரியில் என்ன இருந்தது என்று இருவரில் ஒருவரும் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதிய லுஹர் தொழுகை முடிந்ததும் பந்தி தொடங்கியது. மண்டபத்தை நடுவில் திரை போட்டுப் பிரித்திருந்தார்கள். ஆண்கள் பக்கம் துவாரகன் போனோடு நின்றான். பெண்கள் பக்கம் நான், லெப்டொப்பை ஒரு கதிரையில் வைத்துக்கொண்டு. பெயரைக் கேட்பதும் "நாலாம் சஹன்", "ஏழாம் சஹன்" என்று கைகாட்டுவதுமாக முதல் பந்தியின் பதினெட்டுச் சஹனும் வாய்க்காலில் தண்ணீர் போவது மாதிரிப் போனது. கை கழுவத் தண்ணீர் போனது, தட்டங்கள் போயின. சாச்சியே வந்து என் கன்னத்தைக் கிள்ளிவிட்டுப் போனார். அந்த அரை மணித்தியாலம் என்னைப் போலச் சந்தோஷமாக மணப்பெண்கூட இருந்திருக்க மாட்டாள்.

இரண்டாவது பந்திக்கு ஆட்கள் குந்தத் தொடங்கும்போது கந்தளாயிலிருந்து வேன் வந்தது. ரபீக்கா மாமி இறங்கினார். மகள்மார், மருமகள் நஸ்ரின், பேத்திமார் என்று எட்டுப் பேர் பின்னால். ஆண்கள் திரைக்கு அந்தப் பக்கம் போய்விட்டார்கள். மாமி நேரே மேடைக்குப் போய் ஸஹ்ராவைக் கட்டிப்பிடித்து, நல்லா இருக்க வேண்டும் என்று துஆச் செய்துவிட்டு, என் கதிரைக்கு முன்னால் வந்து நின்றார்.

நான் பெயரைத் தட்டினேன். இல்லை. திரும்பத் தட்டினேன். அப்போதும் இல்லை.

"அப்ப எங்கட பேரு இல்ல," என்றார் மாமி.

"இரிக்கும் மாமி. கொஞ்சம் பொறுங்க."

"இல்லாட்டிப் பரவால்ல புள்ள. பொண்ணப் பாத்தாச்சி, துஆவும் கேட்டாச்சி. வேன் வாசல்லதான் நிக்கிது."

அவர் சத்தம் போட்டிருந்தால் நானும் போட்டிருப்பேன். மாமி சத்தம் போடுகிற ஆளில்லை. முன்பொரு கல்யாணத்துக்கு யாரோ சொல்ல மறந்ததற்காக ஆறு வருடம் கிண்ணியாப் பாலத்தைத் தாண்டாமல் இருந்தவர். அன்றைக்கும் இதே குரலில்தான் பரவாயில்லை என்றாராம். என் பக்கத்தில் வந்து நின்ற சாச்சியின் முகம் வெளுத்திருந்தது. "இத மட்டும் சரிக்கட்டாட்டி ஸஹ்ராட கையால உனக்குக் கடிதம் இல்ல," என்று காதுக்குள் சொன்னார்.

துவாரகனுக்குப் போன் எடுத்தேன்.

"அறுபத்து மூண்டாம் வரியில என்ன இருக்கு?"

"பொறுங்க, பாக்கிறன்," என்றான். பிறகு வாசித்தான். "ரபீக்கா மாமி வீட்டாக்கள்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். வீட்டாக்கள் எண்டா என்னெண்டு எங்கட பார்சருக்குத் தெரியாது. முழு வரியையும் தூக்கி எறிஞ்சிருக்கு."

கோபம் வந்தால் நான் கிட்ட இருக்கிற ஆளில் தொடங்குவேன். மேடைக்குப் போய் நகையும் பூவுமாக இருந்த மணப்பெண்ணைப் பிடித்தேன். "பேர எழுதச் சொன்னா என்னத்தடி எழுதி வெச்சிருக்காய்?"

"வேற எப்பிடி எழுதுற?" என்றாள் ஸஹ்ரா. "மாமி வீட்டாக்கள் எண்டா மாமி வீட்டாக்கள்தானே. எண்ணியா கூப்பிடுற?"

வீட்டாக்கள் என்றால் அந்த வீட்டு ஆட்கள் எல்லோரும்தான். எங்கள் ஊரில் ஒருவரும் எண்ணிக் கூப்பிடுவதில்லை. இத்தனை பேர் வாருங்கள் என்று சொன்னால், அதற்கு மேல் வராதீர்கள் என்று சொன்ன மாதிரி. இருபத்து மூன்று வருடம் இந்த ஊரில் வளர்ந்த நான், அந்த ஒரு சொல்லுக்கு என் மொழியில் இடமே வைக்கவில்லை. ஸஹ்ராவில் பிழையில்லை, துவாரகனிலும் இல்லை. கோபம் கடைசியில் என்னிடம் வந்து சேர்ந்தது.

லெப்டொப்பை மூடினேன். ஓரத்தில் இன்னுமொரு பாயை விரித்துக் கையாலேயே இருத்தினேன். மாமி மற்றவர்களைத்தான் முதலில் குந்த விட்டார். ஆறு பேருக்கு ஒரு சஹன் போனது. மிஞ்சியது மூன்று பேர்: மாமி, நஸ்ரின், நாலு வயதுப் பேத்தி ஸுல்பிகா. தட்டம் தூக்கி வந்த பெண் மூன்று பேரைப் பார்த்ததும் வழக்கப்படி நின்றுவிட்டாள். நிரப்ப ஆளில்லை; மற்றவர்கள் எல்லோரும் அவரவர் சஹனில் கை வைத்தாயிற்று. மாமி வாசல் பக்கம் பார்த்தார்.

அப்போது மேடையில் ஒரு சலசலப்பு. ஸஹ்ரா பாவாடையை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தாள். படம் பிடிக்கிற பெண் கமராவோடு பின்னால் ஓடி வந்தாள். "தள்ளி இரிங்க மாமி," என்று சொல்லி அந்தப் பாயில் அப்படியே குந்தினாள். மணப்பெண் பந்தியில் குந்தி நான் பார்த்ததில்லை. பிறகு என் உம்மா வந்து குந்தி, என் கையைப் பிடித்துக் கீழே இழுத்தார். ஆறு. தட்டம் வந்து இறங்கியது.

சஹனில் ஒரு மரியாதை உண்டு. எல்லோரும் முடிக்கும் வரைக்கும் ஒருவர் எழும்பக் கூடாது. மாமியோ ஆறுதலாக, மெல்ல மெல்லச் சாப்பிடுகிற ஆள். அவர் பேத்திக்கு எலும்பெடுத்து இறைச்சியைப் பிய்த்துக் கொடுத்துக்கொண்டிருக்க, எனக்குள் ஒன்று ஓடத் தொடங்கியது. மூன்று பேர் குறைந்த சஹனைப் பார்த்து இங்கே ஒருவரும் பிழை என்று சொல்லவில்லை, இருந்தவர்களைத் துரத்தவும் இல்லை. என்ன குறைகிறது என்று பார்த்து அதைக் கொண்டுவந்து போட்டார்கள். பார்சரும் அதைச் செய்யலாம். பாடப்புத்தகத்தில் அந்த வழியும் இருந்தது. வேலை கூடவென்று அந்தப் பக்கத்தை நாங்கள்தான் புரட்டிவிட்டோம். கையெல்லாம் சோறு, தலைக்குள் நிரல், எழும்ப ஏலாது.

"என்ன புள்ள, முள்ளு மேல இரிக்கிற மாதிரி இரிக்கிறாய்?" என்றார் மாமி.

ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். மிஸ், திங்கட்கிழமை, தூக்கி எறிந்த அறுபத்து மூன்றாம் வரி. மாமி சோற்றைக் குழைத்தபடி கேட்டுக்கொண்டிருந்தார்.

"அந்தப் பெட்டிக்கு நாங்க எத்தின பேரெண்டு விளங்கல்ல. சரி. விளங்காட்டிக் கேக்கலாந்தானே?"

"அதுக்குக் கேக்கத் தெரியாது மாமி. நாங்க சொல்லிக் குடுக்கல்ல."

"வாயுள்ள புள்ளதானே நீ. உன்ட வாயில கொஞ்சம் அதுக்கும் குடுத்திரிக்கலாமே."

உம்மா சிரித்தார், ஸஹ்ரா சிரித்தாள், பிறகு மாமியும் சிரித்துவிட்டார். நானும் சிரித்தேன். ஆனால் சோற்றுக்குப் பிறகு வந்த இனிப்பு வட்டலப்பம் எப்போது முடியும் என்றுதான் எனக்கு இருந்தது.

கந்தளாய் வேன் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு புறப்படும் என்றார்கள். கை கழுவுகிற குழாயடிப் படிக்கட்டில் நானும் துவாரகனும் குந்தினோம். அவன் அன்றைக்கு ஆள் குறைந்த இரண்டு சஹனில் குந்தி நிரப்பியிருந்தான், மூச்சுவிடச் சிரமப்பட்டான். முதல் வேலையாக அந்தப் பதினொரு வரியையும் அழித்தேன். எழுதியபோது இருந்த சந்தோஷத்தைவிட அழிக்கும்போது இருந்த சந்தோஷம் பெரிது. வீட்டாக்கள் என்ற சொல்லுக்கு ஒரு விதி எழுதினோம். எண்ணிக்கை தெரியாவிட்டால் இடத்தைப் பிடித்து வைத்துக்கொண்டு கேள், ஆள் குறைந்தால் வீட்டுக்காரரைப் போட்டு நிரப்பு. துவாரகன் இரண்டு இடத்தில் பிழைவிட்டான், நான் மூன்று இடத்தில். "நீங்க ஒரு மடையன்" என்று சொல்ல எனக்கு நேரமே கிடைக்கவில்லை.

வேனில் ஏறப்போன மாமியை மறித்து, லெப்டொப்பை முன்னால் பிடித்தேன். ஸஹ்ராவின் அதே பட்டியல், ஓர் எழுத்தும் மாற்றாமல். அறுபத்து மூன்றாம் வரியில் நிரல் நின்றது. திரையில் தமிழில் எழுத்து வந்தது.

'ரபீக்கா மாமி வீட்டாக்கள் எத்தனை பேர்?'

மாமி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வாசித்தார். "என்னையா கேக்கிது?"

"ஓம் மாமி. ஒங்களத்தான்."

வேனுக்குள் ஒவ்வொருவராகப் பார்த்து விரல் மடித்து எண்ணினார். தன்னை எண்ண மறந்து, நஸ்ரின் சொன்ன பிறகு தன்னையும் சேர்த்தார். "ஒம்பது."

நான் ஒன்பது என்று தட்டினேன். முப்பத்தேழு சஹன் வந்தது. கடைசிச் சஹனில் மூன்று இடத்தில் 'வீட்டார்' என்று எழுதியிருந்தது. உம்மா, ஸஹ்ரா, நான். மாமி அதைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

"கடிதம் ஒண்டு வேணுமெண்டாயே," என்றார். "நான் எழுதுறன். பாவிச்சது நாந்தானே."

வேறு வழியில்லாமல் பேனையை நீட்டினேன். வேனுக்குள்ளிருந்தே எழுதி, ஒரு கல்யாணக் கார்டு உறையில் போட்டு ஒட்டித் தந்தார். "மிஸ்தான் ஒடைக்கணும். நீ ஒடைச்சா எனக்குத் தெரியும்." வேன் போய்விட்டது. உறையைப் பகல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தோம், ஒன்றும் தெரியவில்லை. ஸஹ்ராவிடம் இன்னொரு கடிதம் வாங்கி வைப்போமா என்றான் துவாரகன். எனக்கும் ஆசைதான். ஆனாலும் வேண்டாம் என்றேன்.

திங்கட்கிழமை சுலோஜனா மிஸ் உறையை உடைத்துச் சத்தமாக வாசித்தார்.

"இந்த நிரல் எங்களை விருந்திலிருந்து எறிந்துவிட்டது." மிஸ் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். கொழும்புப் பயிற்சி என் கண் முன்னாலேயே பஸ் ஏறிப் போனது. மிஸ் தொடர்ந்தார். "நான் கோபித்துக்கொண்டு போகப் பார்த்தேன். பிள்ளைகள் இரண்டு பேரும் சாப்பிட்ட கை காயுமுன் அதைத் திருத்திக்கொண்டு வந்தார்கள். இப்போது அது நீங்கள் எத்தனை பேர் என்று கேட்கிறது. எனக்கு ஐம்பத்தெட்டு வயது. எத்தனையோ கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன். என்னிடம் இதை யாரும் கேட்டதில்லை. நான் யோசித்து எண்ணிச் சொன்னேன். ஒன்பது பேருக்கும் இடம் வைத்தது."

அதன் கீழே கையெழுத்து. ஒன்றல்ல. மிஸ் விரல் வைத்து எண்ணினார். மாமி, மகள்மார், நஸ்ரின், பேத்திமார் என்று ஒன்பது. கடைசியில் பென்சிலால் ஒரு கிறுக்கல்.

"நான் ஒரு ஆளிட்டத்தானே கேட்டனான்," என்றார் மிஸ். "இது ஆர்?"

"ஸுல்பிகா மிஸ். நாலு வயசு," என்றேன். அதற்கு மேல் கதைக்க ஏலவில்லை. வாய்க்காரி என்று பேர் எடுத்தவள் ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் முன்னால் அழுதேன். துவாரகன் என் பக்கம் பார்க்காமல் லெப்டொப்பை மிஸ்ஸுக்கு முன்னால் தள்ளி வைத்தான். நல்ல பிள்ளை அவன்.

மிஸ் கதிரையை இழுத்துப்போட்டு இருந்தார். இந்த முறை இலக்கம் எதுவும் தட்டவில்லை. கொஞ்சம் யோசித்து, 'சுலோஜனா வீட்டாக்கள்' என்று தட்டினார். நிரல் எத்தனை பேர் என்று கேட்டது.

"நாங்க நாலு பேர்," என்று மிஸ் திரையைப் பார்த்துச் சொன்னார். பிறகு அதைத் தட்டிவிட்டு, எங்கள் குழுவுக்குப் பாஸ் போடப் புள்ளிப் பத்திரத்தை எடுத்தார்.